பார்டர் கோலி குட்டி நடப்பவர் குதிகாலை எல்லாம் கவ்வுகிறது, எப்படி நிறுத்துவது?

பாம்பன்காத்து:
எல்லாருக்கும் வணக்கம். வீடு பாம்பனில், கடற்கரைக்குப் பக்கம். மச்சான் பெங்களூரிலிருந்து ஒரு பார்டர் கோலி குட்டியைக் கொண்டுவந்து எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். பெயர் கச்சான், பிள்ளைகள் வைத்தது. வயசு மூன்றரை மாசம். அறிவுக்குக் குறைவே இல்லை, உட்கார் என்றால் உட்காருகிறது, பெயர் சொன்னால் ஓடி வருகிறது. ஆனால் யாராவது எழுந்து நடந்தால் போதும், பின்னாலேயே வந்து குதிகாலில் ஒரு கவ்வு. உட்கார்ந்திருப்பவர்களை ஒன்றும் செய்வதில்லை. அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் முற்றத்தில் ஓடினால் அதற்குக் கொண்டாட்டம், சுற்றிச் சுற்றி வந்து மூலையில் ஒதுக்கிவிட்டுத்தான் ஓய்கிறது. அப்பாவின் கைலி ஓரமெல்லாம் கிழிசல்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, காலில் சின்னக் கீறல் பட்டாலும் ஆறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சேலை ஓரத்தைப் பிடித்து இழுத்ததில் ஒரு நாள் தடுமாறிக் கதவைப் பிடித்துக்கொண்டார். மீன்பிடித் தடைக்காலம் வேறு, படகு கரையில் நிற்கிறது, ஆம்பளைகள் எல்லாம் வீட்டோடு, முற்றத்தில் வலை வேலை நடக்கிறது, போவதும் வருவதுமாக ஆட்கள். அதற்கு வேட்டைதான். அப்பா, யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. யாராவது பழக்கியவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.

ஓலைவீடு:
தம்பி, உட்கார்ந்திருப்பவர்களை ஒன்றும் செய்வதில்லை என்று எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. இது கோபக் கடி இல்லை, சேட்டையும் இல்லை. அசைகிற காலைக் கண்டால் அதற்குள் இருக்கிற மேய்ப்பு வேலை விழித்துக்கொள்கிறது. நான் மண்டபத்தில் இருக்கிறேன், எங்கள் வீட்டில் பார்டர் கோலி இருக்கிறது, இப்போது பெரிய நாய், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஓநாய் இரை பிடிக்கும்போது ஒரு வரிசையில் போகும். முதலில் கண்டுகொள்ளும், அப்புறம் உறுத்துப் பார்க்கும், பதுங்கி நெருங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். மேய்ப்பு நாய்களை உருவாக்கியவர்கள் இந்த வரிசையின் முன்பாதியைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக் கூர்மையாக்கி, கடைசிப் பகுதியை மங்க வைத்தார்கள். ரேமண்ட் காப்பிங்கர் என்ற அமெரிக்க உயிரியலாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். பார்டர் கோலி இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையில் இருக்கிற எல்லைப் பகுதியில் உருவான இனம். 1893-இல் பிறந்த ஓல்டு ஹெம்ப் என்ற ஒரே நாயிலிருந்துதான் இன்றைய பார்டர் கோலிகள் வழி வருகின்றன என்பார்கள். அந்த நாய் குரைக்காமல், கடிக்காமல், பார்வையாலேயே ஆட்டை நகர்த்துமாம். அதனால் உங்கள் கச்சானுக்குள் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது மூன்றும் பலமாக இருக்கும். கவ்வுவது குறைவாக இருந்தாலும் சுத்தமாகப் போய்விடவில்லை, அதுவும் குட்டியாக இருக்கும்போது எந்த அளவோடு நிறுத்துவது என்று அதற்கே தெரியாது.

இதே கார்கி, ஆஸ்திரேலிய மாட்டு நாய் மாதிரி இனங்களில் கவ்வுவதுதான் வேலையே. மாட்டின் பின்னங்காலில் சின்னதாக ஒரு கடி வைத்துவிட்டு உதை விழுவதற்குள் தாழ்ந்துகொள்ளும். அந்தக் குட்டி வீட்டில் இருந்திருந்தால் உங்கள் அப்பா இதற்குள் முடிவு எடுத்திருப்பார்.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டியது கவ்வுவதை இல்லை, அதற்கு முந்திய நொடியை. நாளைக்கு அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரும்போது குட்டியை மட்டும் பாருங்கள். தலை தோளுக்குக் கீழே இறங்கும், கழுத்து நீளும், வால் தொங்கிவிடும், முன்னங்கால் ஒன்று தரையிலிருந்து லேசாகத் தூக்கியபடி அப்படியே நிற்கும், கண் இமைக்காது. வாய் மூடியிருக்கும். அடுத்து பாய்ச்சல்தான். அது நின்று பார்க்கிற அந்த நேரத்தில் கூப்பிட்டால் காது கேட்கும், ஓட ஆரம்பித்த பிறகு கூப்பிட்டால் கேட்காது. கேட்டாலும் வராது.

அதனால் முதலில் வீட்டுக்குள் ஒரு மெல்லிய கயிறு கட்டியே விடுங்கள், கைப்பிடி வளையம் இல்லாமல், தரையில் இழுபடுகிற மாதிரி, ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும். அது உறைந்து நிற்கிற நொடியில் கயிற்றை மிதித்து, பெயர் சொல்லி, உங்கள் பக்கம் திரும்பினதும் வாயில் ஏதாவது போடுங்கள். அம்மா நடக்கிறார், குட்டி பார்க்கிறது, உங்களைத் திரும்பிப் பார்க்கிறது, தின்ன கிடைக்கிறது. இதுதான் பாடம், மற்றதெல்லாம் பிறகு.

சம்மாட்டிவீடு:
இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், எனக்குப் பொறுமை இல்லை. எங்கள் வீட்டில் எத்தனையோ நாய் வளர்ந்திருக்கிறது. கடிக்க வந்தால் செருப்பால் மூக்கில் ஒன்று போடு, இல்லையென்றால் வாயை இறுக்கிப் பிடித்துக்கொள், இரண்டு நாளில் அடங்கிவிடும். நாய்க்கெல்லாம் பாடம் நடத்துவது இந்தக் காலத்தில்தான்.

ஆட்டாஸ்பத்திரி:
சம்மாட்டிவீட்டு அண்ணே, மரியாதையோடு மறுக்கிறேன். கால்நடைத்துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அடித்து அடக்கிய நாய்கள்தான் என்னிடம் வாய்க்கட்டுப் போட்டு வந்த நாய்கள். மூக்கில் அடித்தால் இரண்டில் ஒன்று நடக்கும். துடுக்கான குட்டி அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாகக் கையைக் கவ்வும். பயந்த குட்டி கையைக் கண்டாலே ஒதுங்கும், உறுமுவதை நிறுத்திவிடும், பெரிதானதும் முன்னறிவிப்பு இல்லாமல் கடிக்கும். உறுமுகிற நாயை விட உறுமாத நாய்தான் ஆபத்து. வாயை இறுக்கிப் பிடிப்பதும் அப்படித்தான், பிறகு பல்லைப் பார்க்கவோ மருந்து கொடுக்கவோ வாயைத் தொட விடாது.

தம்பி பாம்பன்காத்து, இரண்டு மூன்று விஷயம் கேட்க வேண்டும். குட்டி உங்கள் வீட்டுக்கு வரும்போது எத்தனை வாரம்? கூடப் பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதுதான், இவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிராளி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடுவான் என்று ஒரு குட்டி கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடம் முடியாமல் பிரித்தால் கடியின் அளவு தெரியாது. எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது என்று நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய 2017 மத்திய அரசு விதிகளிலேயே இருக்கிறது.

இன்னொன்று, இந்த வயசில் பல் முளைப்பு ஆரம்பம். பால் பல் 28, அது விழுந்து 42 நிரந்தரப் பல் வர வேண்டும், கிட்டத்தட்ட நாலு மாசத்திலிருந்து ஆறு ஏழு மாசம் வரை ஈறு நமநமவென்று இருக்கும். எதையாவது கடித்தே ஆக வேண்டும். கடிக்காதே என்று சொல்ல முடியாது, எதைக் கடிப்பது என்று மட்டும்தான் சொல்ல முடியும். ஈரத் துணியை முறுக்கி முடிச்சுப் போட்டு ஃபிரீசரில் வைத்துக் கொடுங்கள், பக்கத்திலேயே இருங்கள், கிழிக்க ஆரம்பித்தால் வாங்கிவிடுங்கள். கெட்டி ரப்பர் பொம்மையும் நல்லது.

அம்மா விஷயம் தனி. தோலில் பல் பட்டு ரத்தம் வந்தாலோ கீறினாலோ, வீட்டுக் குட்டிதானே என்று மஞ்சள் வைத்துவிட்டு உட்கார வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி தேவையா இல்லையா என்பதை டாக்டர் சொல்லட்டும். தேவை என்றால் கடிபட்ட அன்று, 3, 7, 28-ஆம் நாள் என்று போடுவார்கள், ஒன்றையும் விடக் கூடாது. குட்டிக்கு மூன்று மாசம் முடிந்துவிட்டதால் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா?

பாம்பன்காத்து:
சார், வெறிநோய் ஊசி போட்டாயிற்று, அட்டை இருக்கிறது. மச்சான் வாங்கும்போது ஆறு வாரம் என்றுதான் சொன்னார்கள், சீக்கிரம் எடுத்தால் நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்று விற்றவர் சொன்னாராம்.

ஓலைவீட்டக்கா, நீங்கள் சொன்ன மாதிரி பார்த்தேன், அச்சு அசல் அதேதான், முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஆனால் ஒரு சந்தேகம். யூடியூபில், குட்டி கடித்ததும் நாமும் குட்டி மாதிரி கீச்சென்று கத்த வேண்டும், அதுவாக விட்டுவிடும் என்கிறார்கள். பிள்ளைகள் கத்தினால் இது இன்னும் வெறியோடு பாய்கிறது.

ஓலைவீடு:
அது சில குட்டிகளுக்குத்தான் வேலை செய்யும். மேய்ப்பு இனத்துக்குக் கீச்சுக் குரலும் படபடப்பும் சேர்ந்தால் இன்னும் சூடேறும். கத்த வேண்டாம், கையை இழுக்கவும் வேண்டாம், இழுத்தால் அது பிடிக்கத் துரத்தும். பல் பட்டதும் விளையாட்டு முடிந்தது. ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் அரை நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். அதை இழுத்துக்கொண்டு போய் அடைப்பதை விட நாம் போய்விடுவது எளிது, ஏனென்றால் இழுத்துப் போவதே அதற்கு ஒரு விளையாட்டு. திரும்பி வந்து சாதாரணமாக இருங்கள், திட்ட வேண்டாம். மறுபடி கவ்வினால் மறுபடி போங்கள். முதலில் சலிப்பாகத்தான் இருக்கும்.

வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும் என்பதுதான் கஷ்டமான பகுதி. நீங்கள் எழுந்து போகிறீர்கள், சித்தப்பா சிரித்துக்கொண்டே காலை ஆட்டி விளையாட்டுக் காட்டுகிறார் என்றால் குட்டிக்குக் கிடைப்பது லாட்டரி. எப்போதாவது கிடைக்கிற பரிசுக்காகத்தான் விடாமல் முயற்சி செய்யும். முதலில் ஆம்பளைகளைப் பழக்குங்கள்.

கீழக்கரைலாத்தா:
அந்தக் கடைசி வரிக்கு ஒரு சலாம்.

எங்கள் வாப்பா தென்னந்தோப்பில் ஜெர்மன் ஷெப்பர்டு இருக்கிறது, வீட்டுக்குள் வராது. நாய் வாய் பட்டால் எங்களுக்கு ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் சேர்த்து. அதனால் வாய் வைக்காமல் பழக்குவது எங்களுக்கு விளையாட்டுக் காரியமே இல்லை, தோப்புக்குப் போய்விட்டு வந்தால் தொழுகை இருக்கிறது. பிள்ளைகளுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்தது ஸ்டாச்சு விளையாட்டுதான். குட்டி ஓடி வந்ததும் யாராவது ஒருத்தர் "ஸ்டாச்சு" என்பார், எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்பார்கள், சிரிக்கிறவர் அவுட். குட்டி சுற்றி வரும், மோந்து பார்க்கும், ஒன்றும் நடக்கவில்லை என்றதும் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்ததும் பெரியவர்கள் ஒருத்தர் வந்து தீனி போடுவார். இப்போது பிள்ளைகள் நின்றாலே அது தானாக உட்காருகிறது. சின்னப் பிள்ளைகளை மட்டும் நாயோடு தனியாக விடுவதே இல்லை, அது எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் சரி.

பாவாடை, துப்பட்டா, கைலி, இதெல்லாம் காற்றில் ஆடினால் அதற்குத் தாங்காது. பழகும் வரைக்கும் உங்கள் அம்மா நடக்கும்போது சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள், வீட்டுக்குள்ளும் மூடின செருப்புப் போட்டுக்கொள்ளட்டும், சர்க்கரைக்காரர்களுக்கு எப்படியும் அது நல்லதுதானே.

ஆட்டாஸ்பத்திரி:
ஜெர்மன் ஷெப்பர்டும் மேய்ப்பு இனம்தான், பெயரிலேயே இருக்கிறது, நம் ஊரில் போலீஸ் நாய் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். 1899-இல் ஸ்டெஃபானிட்ஸ் என்ற ஜெர்மன் ராணுவ அதிகாரி அந்த இனத்துக்கான சங்கத்தைத் தொடங்கியபோது அது ஆட்டு நாய். வேலியில்லாத வயல்களுக்கு நடுவில் மந்தை பக்கத்துப் பயிரில் வாய் வைக்காமல் வரப்போரமாக ஓடி ஓடி எல்லை காக்கும். எல்லை தாண்டும் ஆட்டைக் கவ்வித் திருப்புவது அதன் வேலையில் ஒரு பகுதி. அதனால் அதன் கவ்வு பார்டர் கோலியை விடக் கனமாக இருக்கும், லாத்தா செய்த மாதிரி குட்டியிலேயே பழக்கினால்தான் உண்டு.

கிடைக்காரன்:
ஆட்டு நாய் என்றதும் நானும் வருகிறேன். முதுகுளத்தூர்ப் பக்கம் எங்களுக்கு ஆடு, கிடை போடுகிற குடும்பம், கோடையில் தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்புக் காட்டுக்குப் போய்விடுவோம். எங்கள் கிடையில் எப்போதும் நாய் உண்டு, ஆனால் அது ஆட்டை ஓட்டாது. ராத்திரி கிடைக்கு வெளியே படுத்திருக்கும், நரி வந்தாலோ திருடன் வந்தாலோ குரைக்கும், அவ்வளவுதான். ஆட்டை ஓட்டுவது கீதாரியின், அதாவது தலைமை மேய்ப்பரின், குரலும் கம்பும். எங்கள் நாய் ஆட்டைப் பார்த்து உறுத்துப் பார்க்க ஆரம்பித்தால் அதை நாங்கள் வைத்துக்கொள்ளவே மாட்டோம். ஓலைவீட்டக்கா சொன்ன அந்தத் தலை தாழ்ந்து, கால் தூக்கிப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது எங்களுக்குக் குலை நடுங்கும்.

தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. அந்தக் குட்டி இன்றைக்குக் குதிகால், நாளைக்கு ஆடு. பாம்பனில் ரோட்டில் வெள்ளாடு சும்மா திரியும். நாய் துரத்தினால் சினை ஆடு குறைமாசத்தில் குட்டி போட்டுவிடும், ஓடி முள்ளில் மாட்டி மடி கிழியும். கடிக்கவே வேண்டாம், துரத்தினாலே நஷ்டம். ஆட்டுக்காரன் வீட்டு வாசலில் வந்து நிற்பான், நியாயமும் அவன் பக்கம்தான் இருக்கும். கயிறு இல்லாமல் வெளியே விடாதீர்கள்.

சிப்பிப்பாறைப்பையன்:
இவ்வளவு கஷ்டப்பட்டு ஸ்காட்லாந்து நாயை எதற்கு இந்த வெயிலில் வளர்க்க வேண்டும்? நம் ஊர் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், இங்கேயே ராமநாதபுரத்து மண்டை நாய் எல்லாம் இருக்கிறது. வெளிநாட்டு மோகம்.

ஓலைவீடு:
பாதி ஒப்புக்கொள்கிறேன். யாராவது புதிதாக வாங்கக் கேட்டால் இந்தக் கடற்கரைக்குப் பார்டர் கோலி வேண்டாம் என்றுதான் நானும் சொல்லுவேன். இரண்டு அடுக்கு முடி, நாள் முழுக்க வேலை கேட்கிற மூளை, நம் ஊர் புழுக்கம், மூன்றும் சேராது. ஆனால் அவர் வாங்கவில்லை, வந்துவிட்டது. வந்த குட்டியை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. அதோடு சிப்பிப்பாறைக் குட்டியும் கவ்வும் தம்பி, நாய்க்குட்டி என்றால் வாய் இருக்கும். அது முயலைக் கண்டால் துரத்துவது, இது காலைக் கண்டால் துரத்துவது.

வெயிலைப் பற்றிச் சொன்னதால், பாம்பன்காத்து தம்பி, நடை எல்லாம் விடியக்காலையிலும் இருட்டிய பிறகும் மட்டும். மணலில் புறங்கையை வைத்துப் பாருங்கள், நம்மால் தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் முடியாது. வெயில் என்று முடியை மழிக்க வேண்டாம், அந்த முடிதான் தோலை வெயிலிலிருந்து காக்கிறது.

பாம்பன்காத்து:
எல்லாருக்கும் நன்றி. ஸ்டாச்சு விளையாட்டு பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, அக்கா மகன் தெருவில் போகிற ஆட்களையும் நிறுத்துகிறான். கதவுக்கு அந்தப் பக்கம் போவதும் நன்றாகவே வேலை செய்கிறது, என்னிடம் இப்போது பல் வைப்பது குறைவு. அப்பாதான் எழுந்து போக மாட்டேன் என்கிறார், என் வீட்டில் நான் ஏன் எழுந்து போக வேண்டும் என்று கேட்கிறார்.

பல் அரிப்புக்கு வலைக் கயிறு ஒரு துண்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், நாள் முழுக்க அதோடுதான். தீனிக்கு நெத்திலிக் கருவாடு. மிச்சப் பிரச்சினை சாயங்காலம். விளக்கு வைக்கிற நேரம் பார்த்துப் பேய் பிடித்த மாதிரி ஓடிக் கண்டபடி கவ்வுகிறது. நிறைய விளையாட வைத்துக் களைப்பாக்கலாம் என்று பார்த்தால் இன்னும் மோசமாகிறது.

ஆட்டாஸ்பத்திரி:
முதல் வேலையாக அந்த வலைக் கயிற்றை வாங்கி எறிந்துவிடுங்கள், படித்துக்கொண்டிருக்கும்போதே. நைலான் இழை பிரிந்து உள்ளே போனால் குடலில் ஒரு முனை மாட்டிக்கொள்ளும், குடல் அந்த இழையின் மேல் சுருக்கிப் போட்ட துணி மாதிரி சேர்ந்து சேர்ந்து அறுபடும். ஆபரேஷன் இல்லாமல் தீராது. வாயிலோ பின்பக்கத்திலோ இழை தொங்கினால் இழுக்கவே கூடாது, அப்படியே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். தங்கூசி நரம்பும் தூண்டில் முள்ளும் முற்றத்தில் கிடந்தால் அதை விடப் பெரிய ஆபத்து, வலை வேலை நடக்கும் நேரத்தில் குட்டியைக் கட்டிப்போடுங்கள் அல்லது உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் விஷமுள்ள பேத்தை மீனில் வாய் வைத்தால் உயிருக்கே ஆபத்து, அதனால்தான் "விடு" என்ற சொல்லைச் சீக்கிரம் பழக்கச் சொல்கிறேன். வாயில் பொம்மையைக் கவ்வியிருக்கும்போது மூக்குக்கு நேரே நல்ல தீனியைக் காட்டுங்கள், அது வாயைத் திறந்ததும் "விடு" என்று சொல்லித் தீனியைக் கொடுங்கள், பொம்மையையும் திரும்பக் கொடுத்துவிடுங்கள். விட்டால் நஷ்டமில்லை என்று தெரிந்தால் எதையும் விடும்.

கருவாடு வேண்டாம், உப்பு. சூடை மீனை உப்பில்லாமல் அவித்து முள் எடுத்துக் கொடுங்கள், இல்லையென்றால் அவித்த கோழி ஈரல் கடலை அளவு.

சாயங்காலப் பேய் பற்றி: அது களைப்பு போதாமல் இல்லை, தூக்கம் போதாமல். இந்த வயசுக் குட்டி ஒரு நாளில் பதினெட்டு, இருபது மணி நேரம் தூங்க வேண்டும். உங்கள் வீட்டில் பகலெல்லாம் ஆள் நடமாட்டம், மேய்ப்பு நாய் கண்ணை மூடாமல் எல்லாரையும் கணக்கெடுத்துக்கொண்டே இருக்கும். தூக்கம் கெட்ட கைப்பிள்ளை சாயங்காலம் எப்படி வீறிடும், வீட்டில் பிள்ளை வளர்த்தவர்களைக் கேளுங்கள். பகலில் இருட்டாக, விசிறி ஓடுகிற அறையில் கதவைச் சாத்தி ஒன்றிரண்டு மணி நேரம் படுக்க வையுங்கள், முதலில் முனகும், பிறகு அடித்துப் போட்ட மாதிரி தூங்கும்.

சம்மாட்டிவீடு:
கயிறு விஷயம் சரிதான். எங்கள் தெருவில் ஒரு நாய் அப்படித்தான் போனது, அப்போது காரணம் தெரியவில்லை. ஆனால் உங்கள் அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது தம்பி, பெரிய மனுஷன் நாய்க்குப் பயந்து எழுந்து போவதா?

ஓலைவீடு:
அண்ணே, பெரிய மனுஷன் எழுந்து போக வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேலை வாங்கட்டும். அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள் தம்பி. உள்ளங்கையைக் குட்டியின் மூக்குக்குப் பக்கம் காட்ட வேண்டும், அது மோந்து பார்க்கத் தொட்டதும் "தொடு" என்று சொல்லி மற்றக் கையால் தீனி. இந்த நாய்களுக்கு உத்தரவு கிடைத்தால் போதும், உயிரையே விடும். பழகிவிட்டால் அப்பா எழுந்து நடக்கும்போது கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு "தொடு" என்றால் காலை விட்டுவிட்டுக் கைக்கு வரும், கூடவே நடக்கும். அவர் சொன்னால் கேட்கிறது என்று ஆகிவிட்டால் கொடுத்துவிடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், இது என் அனுபவம்.

துரத்துகிற ஆசைக்கும் ஒரு வடிகால் வேண்டும். ஒரு மூங்கில் கம்பு, நுனியில் கயிறு, கயிற்று நுனியில் பழைய துணி. தரையோடு இழுங்கள், நில் என்றால் நிற்க வேண்டும், பிடி என்றால்தான் பிடிக்க வேண்டும், விடு என்றால் விட வேண்டும். உயரத் தூக்கிக் குதிக்க வைக்க வேண்டாம், எலும்பு இன்னும் முற்றவில்லை. கொஞ்ச நேரம் போதும், ஆசை இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். பந்தை ஓயாமல் எறிவது வேண்டாம், அது அடங்குவதற்குப் பதில் பந்துப் பைத்தியமாகிவிடும்.

பாம்பன்காத்து:
அப்பாவுக்கு "தொடு" வேலை பிடித்துவிட்டது, திண்ணையில் வருகிற ஆளிடமெல்லாம் செய்து காட்டுகிறார். அம்மா பின்னாலும் இப்போது போகாமல் நின்று என்னைப் பார்க்கிறது, எப்போதுமில்லை, முக்கால்வாசி. பகல் தூக்கம்தான் பெரிய மாற்றம்.

இரண்டு சந்தேகம். மீன் பெட்டி கட்டிய டிவிஎஸ் எக்ஸெல் காலையில் தெருவில் வந்தால் கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்கிறது. இன்னொன்று, காதோரம் உண்ணி, ஆட்டுக்குப் போடுகிற ஊசி ஒன்று போட்டால் கொட்டிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், போடலாமா?

ஆட்டாஸ்பத்திரி:
ஊசியைத் தொடாதீர்கள். அது பெரும்பாலும் ஐவர்மெக்டினாக இருக்கும். கோலி வகை நாய்கள் சிலவற்றில் எம்டிஆர்1 என்ற மரபணுவில் குறை இருக்கிறது, அவற்றுக்கு அந்த மருந்து மூளைக்குள் ஏறிவிடும், தள்ளாட்டம், குருட்டுத்தன்மை, மயக்கம், சாவு வரைக்கும் போகும். முடி நீண்ட ரஃப் கோலியில் இது மிக அதிகம், பார்டர் கோலியில் குறைவு, ஆனால் பார்த்தால் தெரியாது. ஆட்டுக்கான அளவு எந்த நாய்க்குமே வேண்டாம். இனத்தைச் சொல்லி, எடை போட்டு, நாய் டாக்டரிடம் வேறு மருந்து வாங்குங்கள்.

கிடைக்காரன்:
எக்ஸெலுக்கு நான் சொல்கிறேன், ஆட்டுக்கும் அதேதான். தூரம்தான் மருந்து. வண்டி தெரிய வேண்டும், ஆனால் குட்டி உறைந்து நிற்காத தூரம், அது எவ்வளவோ அவ்வளவு, தெருக்கோடி என்றால் தெருக்கோடி. அங்கே கயிற்றோடு நின்றுகொண்டு வண்டி வரும்போதெல்லாம் தீனி, வண்டி போனதும் தீனி இல்லை. பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தால் ஒரு வீடு தள்ளி நெருங்குங்கள். பாய்ந்துவிட்டால் நெருங்கியது அதிகம் என்று அர்த்தம், திட்டாமல் பின்வாங்குங்கள். மீன்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், நாயைக் கண்டதும் வேகம் எடுக்காமல் மெதுவாகப் போகட்டும், வேகம் எடுத்தால் அதற்குத் துரத்தத்தான் தோன்றும். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை போடுங்கள், பாயும்போது குரல்வளை நெரியாது.

பாம்பன்காத்து:
சரிண்ணே, நாளையிலிருந்து தெருக்கோடிதான். சார், கடைசியாக ஒன்று, பொம்மையில் ரத்தக் கறை இருந்தது, முன்பல் ஒன்று காணோம்.

ஆட்டாஸ்பத்திரி:
பால் பல் விழுகிறது, விழுங்கியிருக்கும், பயமில்லை. ஏழு மாசத்துக்குள் பழைய கோரைப்பல் விழாமல் புதியது பக்கத்திலேயே முளைத்து இரண்டும் ஜோடியாக நின்றால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள், பிடுங்க வேண்டியிருக்கும்.